வியாழக்கிழமைக்குள் நிறம்

"வாசலில கலர் காணாது அக்கா,
வியாழக்கிழமை படம் எடுக்க வருவினம்"
என்றுவிட்டு, வீடு விற்றுத்தரும் நிரோஜன்
காரைப் பின்னுக்கு எடுத்தான்.
நடைபாதை ஓரத்தில்
ஜூனில் நட்ட பெட்டூனியா
கால் நீண்டு, இலை உதிர்ந்து,
நுனியில் மட்டும் ஒரு ஊதா.
ஆவணி பிறந்து மூன்று நாள்.

ஒஷாவாவில் இந்த நேரம்
கடை முன்வரிசையில் பள்ளிக்கூடப் பைகள்.
பூக்கள் பின்பக்கம், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்,
பாதி விலை அட்டைக்குக் கீழே
தாகத்தோடு நின்றன.
நன்றாக விரிந்ததாய்ப் பார்த்துப் பார்த்து
தள்ளுவண்டியில் ஏற்றினேன்.

தண்ணீர்க் குழாயோடு வந்த பெண்,
சட்டையில் பெயர் பிரெண்டா,
என் ஸினியாவை எடுத்துத் தட்டில் திரும்ப வைத்தாள்.
இது முடிந்துவிட்டது, என்றாள்,
நீ பார்ப்பது கடைசி வாரம்.
சாடியைக் கவிழ்த்து வேரைக் காட்டினாள்.
சுவரைச் சுற்றிச் சுற்றி
சாடியின் வடிவத்திலேயே வெள்ளையாய் இறுகிக் கிடந்தது.
மொட்டோடு இருப்பதை எடு.

எத்தனை நாளில் பூக்கும்?
பத்து. வெயில் இருந்தால் எட்டு.
வியாழனுக்கு இன்னும் மூன்று.

அடுத்த தட்டில் வாடாமல்லி.
அட்டையில் வேறு ஏதோ பெயர்,
அடியில் பொடி எழுத்தில்:
ஒரு பருவச் செடி, முதல் உறைபனியோடு முடியும்.
தனியே நின்று சிரித்தேன்.
பெயர் வைத்தவர் ஒஷாவாப் பக்கம் வந்ததில்லை.

ஆறு வாடாமல்லி.
நாலு செவ்வந்தி, முழுக்கப் பச்சை மொட்டு.
ஒரே ஒரு கோழிக்கொண்டை பூத்தபடி,
அது நிரோஜனுக்கு.

பின்னேரம் கமலரூபன் வந்தார்
தன்னுடைய பனிக்கால டயர்களை எடுக்க.
பதினாலு வருடம் சாவி போட்டுத் திறந்த கதவில்
இப்போது மணி அடிக்கிறார்.
"விக்கிற வீட்டுக்கு ஏன் மொட்டு?"
"பூத்தது விலை கூட" என்றேன்.
எல்லாம் ஒரே விலைதான்.

நாலு டயரையும் ஏற்றிவிட்டு
போகாமல் நின்று, குழாயை அவிழ்த்து,
செடிகளின் தலையில் பீய்ச்சினார்.
"அடியில ஊத்துங்கோ."
அடியில் ஊற்றினார்.
ஒரு சொல்லில் கேட்டுவிட்டார், பாருங்கள்.

வெள்ளிக்கிழமை படங்கள் வந்தன.
எங்கள் வாசலில் நான் நடாத சிவப்பு.
கோழிக்கொண்டைக்கு இரு பக்கமும்
பெயரில்லாத பூக்கள், நிழல் விழாமல்.
புல்லும் ஒரு பிளாஸ்டிக் பச்சை.
"கம்ப்யூட்டரில போட்டது அக்கா,
எல்லாரும் செய்யிறதுதான்."

படத்தைப் பார்த்து வந்தவர்கள்
வாசலைப் பார்க்காமல் உள்ளே போனார்கள்,
பேஸ்மெண்டின் ஈரத்தைப் பற்றிக் கேட்டார்கள்.
அடுத்த புதனே விலை முடிந்தது.

வியாழன் காலை முதல் செவ்வந்தி.
செம்மஞ்சள் என்று எடுத்தேன்,
வந்தது வெறும் மஞ்சள்.
அதற்குப் பிறகு நிற்கவில்லை.
வாடாமல்லி, படிக்கட்டுப் பக்கம் சாய்ந்து,
யாரும் கேட்காத கத்தரிப்பூ நிறத்தில்
உருண்டை உருண்டையாய்.

செப்டம்பர் முழுக்க
வேலைக்குப் போகுமுன் வாடியதைக் கிள்ளினேன்.
கிள்ளாவிட்டால் விதை பிடித்துவிடும்,
போதும் என்று செடி நினைத்துக்கொள்ளும்.
கிள்ளினால்
இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று
மறுபடி மொட்டு வைக்கும்.
ஏமாற்றுத்தான். நானும் கூசாமல் செய்தேன்.

சாவி கொடுக்கும் நாளும்
பத்துப் பதினைந்தைக் கிள்ளிப் போட்டுவிட்டே
காரில் ஏறினேன்.
வக்கீலின் மேசையில் பன்னிரண்டு கையெழுத்து.
பேனாவைத் திருப்பி வாங்கியவர்
மூக்கைச் சுளித்து, மோந்து,
இது என்ன வாசனை என்றார்.

பக்கத்துக் கதிரையில் இருந்து,
தாளை விட்டு நிமிராமல்,
"செவ்வந்தி" என்றார் கமலரூபன்.