எண்ணிய காற்று

சூளகிரி ஏற்றத்தில் கியர் மாற்றினால்
திணறுகிறதாம் முனிரத்தினத்தின் கார்.
பின்னால் கறுப்புப் புகை.

வடிகட்டிக்கும் டர்போவுக்கும் நடுவே
சென்சார் சரியாகத்தான் இருக்கிறது.
அதைத் தாண்டி ஒரு புது வால்வு,
உஸ்ஸென்று வெளியே ஊதுகிறது.
அந்தச் சத்தத்துக்காகவே
ஓசூர் போய் மாட்டி வந்தாராம்.

எண்ணி உள்ளே விட்ட காற்று
சொல்லாமல் கிளம்பிவிட்டால்
கம்ப்யூட்டர் என்ன செய்யும்?
இல்லாத காற்றுக்கும் பெட்ரோல் ஊற்றுகிறது.

சென்சாரை இன்டர்கூலருக்குப் பின்னால் தள்ளலாமா என்கிறார்.
தள்ளலாம். அங்கே அழுத்தம், எண்ணெய்ப் பிசுக்கு;
முடி மாதிரிக் கம்பி, பாவம்.
இல்லையென்றால் ஒரு ரப்பர் குழாய்,
போகிற காற்றைத் திருப்பி டர்போ வாய்க்கே விடலாம்.
சத்தம்தான் இருக்காது.

லாரிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"அவ போயி எட்டு மாசம்.
இன்னும் ரெண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன்."

வால்வின் வாயை அளந்தேன்.
இருபத்தைந்து மில்லி.