திறந்தால் மறந்துவிடும்

வெள்ளையன் அதைக் கெடுக்க நினைக்கவில்லை.
எறும்பு ஏறிக் கெடந்துச்சுங்க மேடம்,
அதான் மூடியக் கழட்டித் தட்டிவுட்டேன் என்றார் போனில்.
நாலு திருகாணி.
நாலாவது தளர்ந்த நொடியில்
பெட்டி தன்னிடமிருந்த திறவுகோலைத்
தானே அழித்துக்கொண்டது.
திருட வரும் கை, துடைக்க வரும் கை
அதற்கு ஒன்றுதான்.
அப்படித்தான் செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஏற்காட்டுக் கிளை வெள்ளி மாலையே ஊமையாகிவிட்டது.
சனிக்கிழமை
காப்பித் தோட்டங்களில் கூலி நாள்.

திறவுகோல் முழுசாக யாரிடமும் இருக்காது.
பாதி என்னிடம், பாதி ரொசாரியோவிடம்.
பாதி என்பதும் பேச்சுக்குத்தான்:
என் உறையில் முப்பத்திரண்டு எழுத்து,
அவர் உறையில் முப்பத்திரண்டு.
ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்
மூன்றாவதாக ஒன்று பிறக்கும்.
அதுவரை இரண்டும்
தரையில் சிந்திய ஜவ்வரிசி.

ஒரே பேருந்தில் இருவரும் போகக்கூடாது
என்று விதி எழுதியவர்
அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளைப்
பார்த்திருப்பாரோ என்னவோ.
ஏழே காலுக்கு நான். எட்டுக்கு அவர்.
அஸ்தம்பட்டி தாண்டும்போதே தூறல்.
உறையைக் கைப்பையில் வைக்காமல்
இடுப்பில் செருகியிருந்தேன்.
நகை கொண்டுபோகிறவள் என்று
பக்கத்து இருக்கைக்காரி நினைத்திருக்கலாம்,
காலை இழுத்து எனக்கு இடம் விட்டாள்.

பதினோராம் வளைவில்
கேபிள் புதைத்த இடத்தில் ஒரு மஞ்சள் கல்.
அங்கே யாராவது தோண்டிக் காது வைத்தாலும்
கேட்கப்போவது மழைதான்.
எந்தத் துளி தங்காயியின் ஆறு நாள் கூலி,
எந்தத் துளி மிளகு விலை என்று
பிரித்தெடுக்க ஒரு ஆயுசு போதாது.
இன்றைக்கு அந்த மழையும் இல்லை.
கண்ணாடி இழைக்குள் வெறும் இருட்டு.

கிளை வாசலில் சாக்கைக் கொங்காணி போட்டபடி
முப்பது நாற்பது பெண்கள்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

முதலில் நான் தட்டினேன், அவர் வெளியே நின்றார்.
பிறகு அவர்.
நான் சுவர்ப் பக்கம் திரும்பி
போன மாதத்திலேயே நின்றுவிட்ட காலண்டரைப் படித்தேன்.
விசை ஒலிகளை எண்ணாமல் இருக்க முடியவில்லை.
பத்தொன்பதில் நின்றது.
உறைக்குள் பனி இறங்கி மை ஊறியிருக்க வேண்டும்,
மூன்றா எட்டா என்று தெரியாமல்.
கண்ணாடியைக் கழற்றுகிற சத்தம்.
வேட்டியில் துடைக்கிற சத்தம்.
என் கண் நல்ல கண்,
ஒரு நொடி திரும்பினால் சொல்லிவிடுவேன்.
காலண்டரில் அமாவாசை எப்போது என்று பார்த்தேன்.

சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை.
மறுபடி நான். மறுபடி அவர்.
இந்த முறை பத்தொன்பதில் நிற்கவே இல்லை,
கடனை அடைக்கிறவர் மாதிரி
வேகமாகக் கடந்துபோனார்.
பச்சை விளக்கு.

உள்ளே பணம் எண்ணும் இயந்திரம் படபடத்தது.
வெள்ளையன் வந்து
திருப்புளியை என் கையில் கொடுத்தார்.
இனி நீங்களே வெச்சுக்குங்க.

கிழித்த இரண்டு உறைகளையும்
எதிர்க் கடைக்காரரின் டீ அடுப்பில் போட்டோம்.
எது என்னுடையது என்று
சாம்பலில் தெரியவில்லை.
டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

எடுத்துப்போக ஒன்றுமில்லாததால்
இறங்கும்போது ஒரே பேருந்து.
ரொசாரியோ என் தோளில் சாய்ந்து தூங்கினார்.
மஞ்சள் கல்லுக்கு அருகே திடுக்கிட்டு எழுந்து
அந்த எண்ணைச் சொன்னார்,
சத்தமாக, ஒரு பேருந்தே கேட்கும்படி.
நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.
பயணச்சீட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து
எத்தனை பேர் என்றார்.

நான் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.
என்ன எண் என்று
இங்கே எழுதமாட்டேன்.