மிகா இடம்

திபிலிசியின் க்ல்தானி வட்டாரத்தில்
அந்தக் கட்டடத்து லிஃப்டு
காசு போட்டால்தான் நகரும்.
இருபது தெத்ரி. ஏறும்போது மட்டும்.
உள்ளே தகரத்தில் குத்திய எழுத்து:
320 கிலோவுக்கு மிகாமல்.

எத்தேரி அறுபத்து நான்கு கிலோ.
மாவு மூட்டை ஒன்று இருபத்தைந்து.
மாலைப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில்
எவனோ ஒருவன் ஓயாமல் ஆப்பிள் வாங்குகிறான்,
பத்து லாரிக்குமேல் அவனிடம் இருந்ததேயில்லை.
அவனை அடித்துவிட்டு
ஓரத்தில் தன்னை எழுதிக்கொண்டாள்:
64 + 25x ≤ 320

அறுபத்து நான்கைக் கழித்தால்
இருநூற்று ஐம்பத்தாறு.
வகுத்தால் பத்து, ஒரு புள்ளி,
பிறகு கால் மூட்டைக்கும் சற்றுக் குறைவாக
ஏதோ கொஞ்சம்.
அதை யாரும் தைத்து விற்பதில்லை.
ஆக, பத்து.
வேனிலிருந்து இறங்கியதும் பத்துதான்.
வாழ்க்கையில் ஒருமுறை
விடை தானே வந்து
வாசலில் அடுக்கிக்கொண்டு நின்றது.

அப்போது பார்த்து நோதார்,
ஏழாம் மாடி, கையில் அக்கார்டியன் பெட்டி.
"நானும் வருகிறேன். முழங்கால் சரியில்லை."
எவ்வளவு இருப்பாய்?
"எழுபதுக்கு மேல் இல்லை."
அவன் பேச்சே ஓர் அசமன்பாடு.
எழுபதென்றே வைத்துக்கொண்டாள்.
பெட்டி?
"பன்னிரண்டு. அது பொய் சொல்லாது."

மாவு விரலால் லிஃப்டுக் கதவில்:
146 + 25x ≤ 320
ஆறு புள்ளி ஒன்பது ஆறு.

"ஏழென்று வை, ஒரு கிலோதானே."
பள்ளியில் ஒன்பதைக் கண்டால்
மேலே ஏற்றிவிடுவார்கள்.
லிஃப்டு ஏற்றாது.

வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று
நான் படித்த இலக்கணம் தனித்தனியாகப் பிரித்து வைத்தது.
வேலை கொடு என்பதில் ஒரு க் மிகுந்தால்
கேட்டது வேலை, கிடைப்பது ஈட்டி.
இங்கே மிகுந்தால்
நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே
இருட்டில் மூவர்:
அவள், அவன், அந்த ஒரு கிலோ.

எத்தேரி அவன் கோட்டைப் பார்த்தாள்.
கனத்த கம்பளி,
பையில் சாவிக்கொத்து, பாதி வால்நட், ஒரு ஸ்பேனர்.
இரண்டு கிலோ தேறும்.
"கழற்று."

முந்நூற்றுப் பத்தொன்பது.
சரியாக முந்நூற்றிருபதே ஆனாலும்
குறியின் அடியில் ஒரு கோடு இருக்கிறது,
கதவு மூடியிருக்கும்.
காசை நோதார் போட்டான்.

கீழே மூன்று மூட்டைகள்.
அவற்றின்மேல் அந்தக் கோட்டு,
கைகளைத் தொங்கவிட்டபடி,
அடுத்த இருபது தெத்ரிக்குக் காத்து.