வெளி வெப்பநிலை

பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தை.
விடிகாலை இரண்டு நாற்பது.
எங்கள் கிடங்குக்கு நாலு கதவு,
நாலுக்கும் நாலு வானிலை.
சாவிக்கொத்து என் இடுப்பில்.

முதல் கதவு, பூஜ்யம் டிகிரி:
ஷாண்டோங் பூண்டு, அவமோரி ஆப்பிள்.
உறைபனியில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால்தான்
அந்த மரம் பூக்குமாம்.

அடுத்தது நாலு டிகிரி.
முன்ஷிகஞ்ச் உருளைக்கிழங்கு.
அங்கே குளிர் தொண்ணூறு நாள்தான் தங்கும்,
அதற்குள் மண்ணுக்குள் பருத்துவிட வேண்டும்.
"மூட்டையில் உன் ஊர்ப் பெயர்" என்றேன் ரஃபிகுலிடம்.
"இருபத்தைந்து கிலோ" என்றான்,
தோளை மாற்றிக்கொண்டு.

மூன்றாவதில் இஞ்சி, வாழை. பதின்மூன்றுக்குக் கீழே போனால்
தோல் கறுத்துக் கோபித்துக்கொள்ளும்.

கடைசி அறையில் குளிரே இல்லை.
வெங்காயத்துக்கு ஈரம் ஆகாது.
தக்காணத்தின் வறட்டுக் காற்றை
மூன்று மின்விசிறிகள்
இரவும் பகலும் நடித்துக் காட்டுகின்றன.

வெளியே மழை.
ஜனவரியா ஜூலையா என்று கேட்டால் அது சொல்லாது.
பருவம் எங்களுக்கு ரசீதில்தான் வரும்:
சிந்து மாம்பழம் என்றால் ஜூன்;
கேமரன் லாரி தாமதம் என்றால் டிசம்பர்,
மலைச்சரிவு எங்கோ வழுக்கியிருக்கிறது,
தேக்காவில் கீரைக்கட்டு
நாற்பது காசு ஏறியிருக்கும்.

போன வியாழன் கம்ப்ரஸர் நின்றது.
பாதி இறக்கிய சரக்கு வாசலை அடைத்துக் கிடக்க
கதவைச் சாத்த வழியில்லை.
இரண்டு. ஐந்து. ஒன்பது.
அட்சரேகைகள் ஒவ்வொன்றாக
எங்களை நோக்கி இறங்கி வந்தன.
சாங்கியில் முதல்முறை இறங்கியவர்களைப் போல
ஆப்பிள்களுக்கு வியர்த்தது.
குவெக் முதலாளி தொலைபேசியில் கத்தினார்,
யாரிடம் என்று தெரியவில்லை.

ஹைருல் வந்து, டார்ச்சைப் பல்லில் கடித்து,
பெல்ட்டை மாற்றும்வரை
ஒரு கண்டம் முழுவதும்
ஒரே புழுக்கத்தில் நின்றது.
வெங்காயம் மட்டும்
எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிறகு பதிவேடு.
முதல் அறை: பதினொன்று. காரணம்: பழுது.
இரண்டு மணி பத்து நிமிடம்.
ஓரத்தில் ஒரு கட்டம் உண்டு, 'வெளி வெப்பநிலை'.
ஒன்பது வருடத்தில்
யாரும் அதை நிரப்பியதில்லை,
நானும்தான்.

கதவுக்கு வெளியே போய்
கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்து
எழுதினேன்:
இருபத்தேழு இருக்கலாம். ஈரம்.
காற்று இல்லை.
வடிகால் ஓரத்தில்
யாரும் நடாத பப்பாளி ஒன்று
காய்த்திருக்கிறது.