மூன்று புள்ளி

டச்சு விரிகுடா மணலில்
மூன்று மணிக்கே கச்சான் எழும்பிவிட்டது.
பந்தலின் நாலு மூலைக்கும் ஆட்களை நிறுத்தி
கயிறு பிடிக்கச் சொன்னார் கலாசார உத்தியோகத்தர்.
எனக்குத் தந்தது ஒரு மேசை, ஒரு கல்குலேட்டர்,
தாள் பறக்காமலிருக்க ஒரு செங்கல்.
நடுவர் மூவர் போடும் புள்ளியைக் கூட்டுவது,
சான்றிதழில் பெயர் எழுதுவது.
கையெழுத்து அழகென்று
பதினாறு வருடமாய் இதே தண்டனை.

சல்லியிலிருந்து வந்த செயரூபன்
மணலில் ஒரு நாயைப் படுக்கவைத்திருந்தான்.
விலா எலும்பை எண்ணலாம்.
நிஜ நாயொன்று வந்து, மோந்து,
இரண்டு தரம் சுற்றி,
அதன் முதுகோடு முதுகு வைத்துப் படுத்தது.
"அலை ஏறுது சேர், கெதியாப் போடுங்கோ."
சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு
புள்ளி போட்டார்கள்.
மூன்றாம் பரிசை அறிவித்தபோது
மிஞ்சியது ஈர மணலும்
இருபத்தேழு என்றெழுதிய குச்சியும்.
நாய் எழும்பி, உதறி,
தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்பதுபோல
மேடைப்பக்கம் நடந்தது.

சீனக்குடா உதேனிக்கு இரண்டாவது.
துருப்பிடித்த எண்ணெய்ப் பீப்பாயில் வெட்டிய கொக்கு.
காற்றடித்தால் செட்டைக்குள் ஒரு முனகல்.
ஸ்பீக்கர்தான் பழுதென்று
மைக்காரன் அரை மணித்தியாலம்
வயரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினான்.
தமிழில் நன்றி சொல்லப் பாடமாக்கி வந்திருந்தாள்,
பாதியில் மறந்து சிரித்தாள்.
அதற்குத்தான் கைதட்டல் கூட.

முதற்பரிசு கிண்ணியாவுக்கு.
ஒரு யன்னலளவு பலகை.
பாலத்தில் ஓடும் பஸ்சின் உட்புறம்.
முப்பது முகம், எல்லாம் ஒரே திசையில்,
ஒரு கன்னத்தில் மட்டும் வெளிச்சம்.
தூங்கி விழுந்து விழித்த பொடியன்,
ஊசியை வாயில் கவ்வியபடி
தலைத்துணியைச் சரிசெய்யும் பெண்,
மிச்சக் காசை மறந்துபோன ஒருவர்.
"திருகோணமலைப் படத்தில
கடலைக் காணேல்லையே பிள்ளை?"
என்றார் தலைமை நடுவர்.
"அவங்க எல்லாரும் கடலத்தான் சேர் பாக்காங்க."
அவர் பேனையை மூடினார்.
பிறகு திறந்து,
போட்டதை வெட்டி வேறு போட்டார்.

கூட்டம் கலைந்தபின் மேசைக்கு வந்தாள்.
"சேர், மூணு புள்ளி வுட்டுட்டீங்க."
வயிறு கலங்கியது எனக்கு.
திரும்பிப் பார்த்தால் செங்கல் இருக்கிறது,
தாளைக் காணோம்.
கோட்டையிலிருந்து இறங்கிய மானொன்று
மேசைக்குப் பின்னால் நின்று
மூன்று நடுவர்களையும்
ஆறுதலாக மென்றுகொண்டிருந்தது.
உடம்பெல்லாம் புள்ளி.
யார் போட்டது,
யார் கூட்டுவது.

"அது இல்ல சேர், பேர்ல."
ரிபாயா என்று எழுதியிருந்தேன்
என் பதினாறு வருடக் கையெழுத்தில்.
ரிக்கும் பாவுக்கும் நடுவில்
எறும்பு நுழைய இடமில்லை.
மூச்சைப் பிடித்து
கீழே இரண்டு, மேலே ஒன்று,
அடுப்புக்குக் கல் வைப்பதுபோல வைத்தேன்.
ரிஃபாயா ஊதி ஊதி
மையைக் காயவைத்தாள்.

கடற்கரை வரைக்கும் வந்து நின்றது
கடைசிக் கிண்ணியா பஸ்.
கண்டக்டர் பலகையை மேலும் கீழும் பார்த்தார்.
"இதுக்கு அரை டிக்கெட்."
"முப்பது பேர் இருக்காங்களே காக்கா" என்றது
பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.
சிரித்து, இழுபட்டு,
கடைசியில் அதை யன்னலோரம்
வெளியே பார்க்க நிறுத்தினார்கள்.

பஸ் திரும்பியது.
உள்விளக்கில்
முப்பது முகமும் என்னைப் பார்த்தன.
எனக்குப் பின்னால், இருட்டில்,
அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது.