ஊக்கம்: ஐந்துக்கு எத்தனை

சென்னையிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
பதினொரு பிள்ளைகளுக்குப் பதினொரு தாள்.
ஒவ்வொன்றிலும் ஐந்து கட்டம்.
கடைசிக் கட்டத்தின் தலையில்
ஊக்கம்.

ஆனி பிறந்து ஒன்பது நாள்.
கணவாய்க்குள் நெருக்கியடித்துக் கிளம்பிய காற்று
பணகுடி வந்ததும் அகலமாகி
எங்கள் ஆபீஸ் ஷட்டரைத் தட்டுகிறது
தவணை கேட்டு வந்தவன் மாதிரி.
ஒரு காற்றாடி ஒரு மணி நேரம் நின்றால்
எத்தனை யூனிட், எத்தனை ரூபாய்,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
சுயம்புலிங்கத்துக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால்
முழிப்பேன்.

தினமும் ஆறரைக்கு நான் ஒரு பொன்மொழி போடுவேன்,
சூரியன் உதிக்கிற படத்தோடு.
பெவின் மட்டும் தவறாமல் கட்டைவிரல் காட்டுவான்.
அது தானாக விழும்படி
போனில் ஏதோ செய்துவைத்திருக்கிறான் என்று
போன வாரம்தான் தெரிந்தது.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு
சுயம்பு ஒரு வரி அனுப்பினான்:
"நாளைக்கு லீவு. கொடை."
கேள்விக்குறி இல்லை. மேடம் இல்லை.

நான் முதல் லீவு கேட்ட கடிதத்தில்
'பணிவுடன்' மூன்று இடத்தில் இருந்தது.
அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்.
மேலாளர் படிக்காமலே
அதன் மேல் பேப்பர்வெயிட்டைத் தூக்கி வைத்தார்.
கட்டுப் பிரித்து நாலாம் நாள்
கையெழுத்தோடு திரும்பி வந்தது.

'முடியாது' என்று அடித்தேன். அழித்தேன்.
'சீசன் தெரியும்ல?' அடித்தேன். அழித்தேன்.
நான் எழுதிக்கொண்டிருப்பதாக
அவன் திரையில் இருபது நிமிஷம் ஓடியிருக்கும்.
அப்படியே படுத்துவிட்டேன்.

காலை எட்டுக்கு
நாற்பத்தேழாம் நம்பர் நின்றது.
பிட்ச் மோட்டார். சுயம்பு கை வைக்கிற சோலி.
சவத்தெளவு என்று வாய்வரை வந்ததை
டீயோடு முழுங்கிக்கொண்டு வெளியே வந்தால்
ஜீப்பில் ஜெனிட்டா,
இடுப்பில் பெல்ட்டும் கொக்கியும் மாட்டி.
இன்றைக்கு அவளுக்கு வார லீவு.

"சுயம்பு சொல்லிட்டான் மேடம்.
அடுத்த ஞாயிறு எங்க சபைல அசனம்.
அன்னைக்கு என் ஷிப்ட்ட அவன் பாத்துக்கிடுவான்."
"யாரு போட்ட ரோஸ்டர் இது?"
"எங்க குரூப்புல போட்டது."
"எந்த குரூப்பு?"
பின்சீட்டில் பெவின் ஹெல்மெட்டுக்குள் சிரித்தான்.
ஜெனிட்டா சிரிக்கவில்லை.
"நீங்க இல்லாத குரூப்பு மேடம்."

கோபுரத்தடியில் காற்றுமானியைப் பார்த்துவிட்டு
பெவின் சொன்னான்,
"பன்னெண்டு தாண்டிருச்சி. இப்ப ஏற மாட்டோம்."
இதுவும் கேட்கவில்லை, சொன்னான்.
என் காலத்தில் ஏறியிருப்பார்கள்.
நான் ஏறச் சொல்லியிருப்பேனா?
தெரியவில்லை; அதை
யோசிக்காமலிருக்கத்தான் ரூபாய்க் கணக்குப் போட்டேன்.
ஒன்றே கால் மணி நேரம்
உடைமர நிழலில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.
யாரும் பொன்மொழி சொல்லவில்லை.
ஜெனிட்டா முறுக்கு தந்தாள்.
காற்று கொஞ்சம் இறங்க,
அவர்கள் ஏறினார்கள்.

பன்னிரண்டே காலுக்கு
நாற்பத்தேழு சுற்றியது.

மேஜையில் தாள்கள்.
நாலு கட்டம் நிரப்பியாயிற்று.
ஐந்தாவதில் பேனா நிற்கிறது.
அவர்களுக்கு ஊக்கம் இருக்கிறது,
என் வழியாக வரவில்லை.
அதற்கு எத்தனை மார்க் என்று
சென்னைக்குப் போன் போட்டுக் கேட்க முடியுமா?
ஜன்னல் வழியே வந்த காற்றில்
சுயம்புவின் தாள் எழும்பியது.
கை தானாகப் போய் எடுத்தது
ஒரு பேப்பர்வெயிட்டை.

கண்ணாடி. உள்ளே நீலப் பூ.
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.
பிறகு அவன் லீவைத் திறந்து
சரி என்று போட்டேன்.

சாயங்காலம் படம் வந்தது:
படப்பு, பந்தம், மஞ்சள் நீராடிய கூட்டத்தில்
பல்லெல்லாம் தெரிய சுயம்பு.
"மேடம், நாளைக்கு வரும்போது
கிடாக்கறிச் சோறு கொண்டாரட்டா?"

இந்தத் தடவை கேள்விக்குறி இருந்தது.
நான் சைவம்.
இரண்டு வருஷமாக எதிர்மேஜையில் தயிர்ச்சாதம் தின்கிறேன்,
அது அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.