போகாத பந்து

களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் பின்னால்
மூன்று கதிரை, ஒரு நீளக் கண்ணாடி,
குணநாதனின் சலூன்.
மூலையில் தொங்கும் டீவிக்கு
எப்போதும் சத்தம் கூட.

இடது கன்னம் முடிந்திருந்தது எனக்கு.
வலது கன்னத்தில் நுரை.
அப்போதுதான் அந்தப் பந்து
துடுப்புக்காரனின் முழங்காலுக்குக் கீழே
டொக்கென்று பட்டது.

நடுவர் கையை அசைக்கவில்லை.
நம்மட பெடியன்கள் ரிவியூ கேட்டார்கள்.
குணநாதன் சவரக்கத்தியை
என் தொண்டைக்கு நேரே நிறுத்திவிட்டுத்
திரையைப் பார்த்தான்.
நானும் எச்சில் விழுங்காமல் பார்த்தேன்.

விழுந்த இடம் நேர்.
பட்ட இடம் நேர்.
விக்கெட்டில்

கறண்ட் போனது.

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின.
நான் மின்சார சபையில் லைன்மேன்.
சுவிட்சை என் சட்டைப் பைக்குள்
வைத்திருக்கிறேன் என்ற மாதிரிப் பார்வை.

‘பட்டிருக்கும்’ என்றார் பேரின்பராசா சேர்,
பெரியகல்லாற்றில் பௌதிகம் படிப்பிக்கிறவர்.
‘ஆறு கமரா. வேகம், கோணம், புவியீர்ப்பு.
மிச்சத்தைக் கணக்குச் சொல்லும்.’

‘என்ன கணக்கு சேர்?’
வாவியில் வலை போட்டுவிட்டு வந்த சாமித்தம்பி
வாங்கில் காலை மடித்துக்கொண்டான்.
‘கால்ல பட்டு நிண்ட பந்து நிண்டதுதானே.
மறுகா அது போன வழிய எப்பிடிக் காட்டுவான்?
போகாத பந்துகா அது.
வல வீசாம மீன் நிறுக்கிற தராசு.’

‘கிரகணம் வாற நேரத்த
முன்னுக்கே சொல்றாங்களா இல்லையா?’

‘கிரகணத்த ஆரும் காலால தடுக்கல்லயே சேர்.’

சிரித்ததில் நுரை மூக்குக்குள் போய்
நான் தும்மினேன்.
கத்தி விலகியது நல்லகாலம்.

மருதமுனையிலிருந்து சாறன் கொண்டு வந்து விற்கும்
உதுமாலெப்பைக்குப் போனில்தான் கோபம்.
‘நேத்து மழ எண்டு போட்டிருந்திச்சி.
மூட்டைய றப்பர் சீட்டால சுத்திக் கட்டினன்.
வெயில்ல நானே அவிஞ்சிட்டன்.’

‘மழை வேற, பந்து வேற’ என்றார் சேர்.
‘ரெண்டும் மேல இரிந்துதானே வருது.’

சேருக்குப் பொறுக்கவில்லை. எழும்பி வந்தார்.
என் வலது கன்னத்து நுரையில் விரலைத் தோய்த்துக்
கண்ணாடியில் ஒரு வளைகோடு இழுத்தார்.
இன்னொரு தரம் தோய்த்து மூன்று குற்றி நட்டார்.
‘இப்ப விளங்குதா?’

‘அது என்ர முகத்துச் சவுக்காரம்’ என்றேன்.

இவ்வளவு நேரமும் தலை குனிந்து
போனில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தவன் யதுர்சன்.
‘ரிவியூவ செட்டிங்ஸ்ல ஓஃப் பண்ணலாம் மாமா’ என்றான்.
பிறகு விரலால் எதையோ தள்ளி,
‘முடிவு வந்திட்டு. சொல்லட்டா?’

‘வாய் திறந்தா உனக்கு மொட்டைதான்’
என்றான் குணநாதன்.
ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.
சேர்கூட.

எனக்குக் கோல் வந்தது.
துறைநீலாவணை முடக்கில் பழவௌவால் ஒன்று
இரண்டு கம்பிக்கு நடுவே
செட்டை விரித்துக் கிடக்கிறதாம்.

பாதி முகத்தோடு போனேன்.
கீழே நின்றவர்கள் வௌவாலைப் பற்றிக் கேட்கவில்லை.
‘அவுட்டா அண்ணே?’
ஏணியின் நாலாம் படியில்,
எட்டாம் படியில்,
வௌவாலைத் தடியால் தட்டி விழுத்தும்போதும்
‘அவுட்டா?’

பியூஸைப் போட்டேன்.
ஊர் முழுக்க ஓவென்று ஒரு சத்தம் எழும்பி
உடனே அடங்கியது.
எல்லா வீட்டிலும் ஒரே சவர்க்கார விளம்பரம்.

அது போன வெள்ளிக்கிழமை.
வலது கன்னத்தை நானே வீட்டில் வழித்துக்கொண்டேன்,
இரண்டு வெட்டு.
கோட்டை குணநாதன் இன்னும் துடைக்கவில்லை.
நுரை காய்ந்து சுண்ணாம்பு மாதிரி நிற்கிறது.
கதிரையில் இருக்கிறவர்களின் நெற்றிக்கு அருகே
அந்தப் பந்து வந்துகொண்டே இருக்கிறது.

சேர் உயரம். அவர் இருந்தால் புருவத்தில் படுகிறது.
சாமித்தம்பிக்கு மயிரோடு உரசிப் போகிறது,
அவன் அதை வைத்து இன்னொரு கிழமை கதைப்பான்.

இன்று யதுர்சன் இருந்தான்.
கோடு தலைக்கு மேலே
ஒரு சாண் விட்டுப் போனது.
குணநாதன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக்
கதிரையின் பெடலை
ஒவ்வொரு மிதியாக மிதித்தான்.